சாகாவரமும் சந்தாப் பணமும்

தோட்டப்புறத்தில் வளர்ந்த மாணவனுக்குச் சங்கம் என்ற சொல்லின் பொருளை விளக்கவேண்டிய அவசியம் ஆசிரியர்களாகிய நமக்கு ஏற்படுவதில்லை. எழுத்தறியுமுன்பே அவன் அதை அறிந்துவிடுகிறான். தாயின் சம்பளத்தில் மாதந்தோறும் கழியும் சந்தாவை அவன் அறிவான். எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறக்குவானையிலும், ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும் பெண்கள் மாலையில் இரண்டு மூன்று கொடிகளின் கீழ்ப் பிரிந்து நிற்பதை அவன் கண்டிருக்கிறான். 1950களில் தொண்டமானும் அஸீஸும் பிரிந்த கதையையும், அதன்பின் வந்த பிளவுகளின் கதைகளையும் தாத்தாவின் வாயிலாகக் கேட்டிருக்கிறான். கோயிற் பரிபாலன சபை இரண்டாவதும், விளையாட்டுக் கழகம் மூன்றாவதும் அவனுக்கு வியப்பான செய்திகளல்ல. பிளவுபடாமல் நெடுநாள் நின்று நிலைப்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அது மரண உதவிச் சங்கம். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பந்தற் காலுக்கும் பெட்டிக்கும் தேநீருக்கும் பணம் கொடுக்கும் அந்தச் சங்கத்தில் எவரும் கொடியின் நிறத்தைப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவிலும் மரணத்தை ஒட்டிய சங்கங்கள் சில உள்ளன. அவற்றுக்கும் சந்தா உண்டு. உறுப்பினர் அட்டை உண்டு. சாவு நேர்ந்ததும் ஓடிவரும் ஏற்பாடும் உண்டு. ஆனால், இச்சங்கங்கள் தோன்றிய நாள்முதல் பிளவுபட்டும் வழக்காடியும் ஒன்றையொன்று தூற்றியுமே வந்திருக்கின்றன. இறந்தோரின் உடலைக் கடுங்குளிரில் வைத்துக் காத்து, எதிர்கால விஞ்ஞானம் ஒருநாள் அவர்களை எழுப்பும் என்று வாக்களிக்கும் கிரையோனிக்ஸ் சங்கங்களையே குறிப்பிடுகிறோம். உடலுறைப்பு என்று அதனை இங்கே தமிழில் வழங்குவோம். நமது வார இதழ்கள் இதனை விஞ்ஞான விந்தைப் பகுதியில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் படத்துடன் வெளியிட்டு, மாணவரின் வாயைப் பிளக்க வைக்கின்றன. ஆனால் அச்சங்கங்களின் பூசலைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. நம் கருத்தில், அந்தப் பூசலே இவ்வியக்கத்தின் உண்மையான இலக்கியம். அதைப் படிக்காமல் இவ்வியக்கத்தின் தத்துவத்தைப் படிப்பதிற் பயனில்லை.

முதலிற் செய்முறையைப் பார்ப்போம். தோட்டங்களுக்குப் பசுக்களைச் செயற்கை முறையிற் சினைப்படுத்த வரும் மிருக வைத்திய அலுவலகத்தாரின் கையில் புகை கக்கும் ஒரு கலன் இருப்பதை மாணவர் கண்டிருப்பர். அதனுள் இருப்பது திரவ நைதரசன். அதன் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 196 பாகை செல்சியஸ். அக்குளிரில் காளையின் விந்து பல்லாண்டு கெடாதிருக்கிறது. மனிதக் கருவும் அவ்வாறே. ஆயின் ஓர் உயிரணுவைக் காப்பது வேறு, ஒரு முழு உடலைக் காப்பது வேறு. உறையும் நீர் பளிங்குகளாகித் திசுக்களைக் கிழிக்கிறது. இதனைத் தவிர்க்க, உறைதடைத் திரவங்களை இரத்தக் குழாய்களிற் செலுத்தி உடலைக் கண்ணாடிபோல இறுகச் செய்யும் முறையை அண்மைக் காலத்திற் கையாளுகின்றனர். அத்திரவங்களும் நஞ்சே. கேகாலைப் பக்கத்து மாணவனுக்கு இதைச் சொல்ல நம்மிடம் எளிய உதாரணம் ஒன்று உண்டு. இறப்பர்ப் பாலில் அமோனியா இட்டால் அது பாலாகவே இருக்கும்; அமிலம் இட்டால் இறுகிவிடும். இறுகியதை மீண்டும் பாலாக்கும் தொழிற்சாலை எதுவும் எட்டியாந்தோட்டையில் இல்லை. உடலுறைப்பினரோ, அப்படியொரு தொழிற்சாலை என்றோ ஒருநாள் எழும் என்று நம்பி, இறுகிய பாலுக்கு இன்றே வாடகை செலுத்துகின்றனர்.

இனி நூலுக்கு வருவோம். இவ்வியக்கத்தின் வேதநூல் ரொபர்ட் எற்றிங்கர் எழுதிய 'அமரத்துவத்தின் வாய்ப்பு' என்பது. 1962இல் ஆசிரியர் தம் செலவில் வெளியிட்ட அந்நூலை 1964இல் அமெரிக்காவின் பெரும் பதிப்பகமான டபிள்டே வெளியிட்டது. எற்றிங்கர் மிச்சிகனில் பௌதிகம் கற்பித்த ஆசிரியர். இரண்டாம் உலகப் போரிற் படுகாயமுற்றவர். சிறுவயதில் அவர் படித்த ஒரு கதையே இந்த எண்ணத்தை விதைத்தது. நீல் ஜோன்ஸ் 1931இல் எழுதிய அக்கதையில், பேராசிரியர் ஒருவரின் உடல் விண்வெளியில் மிதந்து, பல கோடி ஆண்டுகளுக்குப் பின் இயந்திர உயிரினங்களால் எழுப்பப்படுகிறது. எற்றிங்கரும் 1948இல் ஒரு கதை எழுதினார். விமர்சகர்கள் அதிகம் கவனியாத அச்சிறுகதை அவருடைய நூலைவிட உயர்ந்தது என்பது நம் துணிபு. அதில் ஈவிரக்கமற்ற ஒரு பெருஞ்செல்வன் தன்னை உறையவைத்துக் கொள்கிறான். எதிர்காலத்தில் விழிக்கவும் செய்கிறான். விழித்தவனை அந்த உலகம் மாலையிட்டு வரவேற்கவில்லை. அவன் பழைய வாழ்க்கையைத் துருவி ஆராய்ந்து, அவன் செய்த கொடுமைகளுக்குத் தண்டனை வழங்குகிறது. செல்வனின் பணம் காலத்தைக் கடந்துவிட்டது, நீதியைக் கடக்கவில்லை.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய நூலில் இந்த நீதி மறைந்துவிடுகிறது. அங்கே எதிர்காலம் நீதிமன்றமாக இல்லை, வைத்தியசாலையாக இருக்கிறது. கேள்வி கேட்காத, கட்டணத்தை மட்டுமே பார்க்கும் வைத்தியசாலை. சமூகமே உறைகலன்களை மையமாகக் கொண்டு இயங்கும் என்றும், அவற்றின் செலவைக் காப்புறுதியும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிகளும் தாங்கும் என்றும் ஆசிரியர் உற்சாகத்தோடு கணக்கிடுகிறார். நடை தெளிவானது, நகைச்சுவையும் உண்டு. ஆனால் கலனில் நைதரசனை ஊற்றுகிறவன் யார்? உறைந்து கிடப்பவரின் நிதி நூறாண்டு வட்டி ஈட்டுமென்றால், அந்த வட்டியை ஈட்டித் தருவது எவருடைய உழைப்பு? இவ்விரு கேள்விகளும் நூலாசிரியருக்கு எழவேயில்லை. இறந்தவனின் நிதி தூங்கும்போது உயிருள்ளவன் விழித்திருந்து உழைக்கவேண்டும் என்பதைப் பொருளாதாரம் படித்த எந்த மாணவனும் சொல்லிவிடுவான்.

சங்கங்களின் பூசலுக்கு விதை இங்கேதான் இருக்கிறது. எற்றிங்கரின் நூல் வந்த அதே 1962இல் எவான் கூப்பர் என்பவரும் இதே கருத்தைத் தனியே நூலாக்கினார். 1963இல் வாஷிங்டனில் ஆயுள் நீட்டிப்புச் சங்கத்தைத் தொடங்கினார். இவ்வகையில் உலகின் முதற் சங்கம் அதுவே. பேசியும் எழுதியும் இரண்டாண்டுகள் கழிந்தன. ஒருவரும் உறைய முன்வரவில்லை. பேச்சோடு நிற்க விரும்பாத நியூயோர்க் அன்பர்கள் 1965இல் தனிச்சங்கம் கண்டனர். கிரையோனிக்ஸ் என்ற சொல்லும் அவர்களிடையேதான் உருவானது. 1966இல் கலிபோர்னியாவில் இன்னொரு சங்கம், மிச்சிகனில் மற்றொன்று. கூப்பர் மனம் கசந்து இயக்கத்தை விட்டே விலகினார். பின்னர் படகோட்டியாகக் கடலோடு வாழ்ந்து, 1980களின் தொடக்கத்தில் கடலிலேயே காணாமற்போனார். முதற் சங்கத்தை நிறுவியவரின் உடல் எந்தக் கலனிலும் இல்லை. இலக்கியச் சங்கங்களின் பிளவுகளைக் கண்டு பழகிய நமக்கு இதில் ஒன்றும் புதுமையில்லை என்று வாசகர் நினைக்கலாம். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம்.

கலிபோர்னியச் சங்கத்தின் தலைவர் ரொபர்ட் நெல்சன். தொலைக்காட்சிப் பெட்டி திருத்துபவர். 1967 ஜனவரி 12ஆம் நாள், ஜேம்ஸ் பெட்போர்ட் என்ற உளவியற் பேராசிரியரின் உடல் இவருடைய முயற்சியால் உறைய வைக்கப்பட்டது. அவ்வாறு வைக்கப்பட்ட முதல் மனிதர் அவரே. அக்காலத்தில் கலன் செய்து கொடுத்தவர் அரிசோனாவில் பொய்ம்முடி வியாபாரம் செய்தவர் என்பதையும் குறித்து வைப்போம். நெல்சன் தொடர்ந்து பலரை ஏற்றார். சாட்ஸ்வேர்த் என்ற ஊரின் மயானத்தில் நிலவறை ஒன்றில் அவ்வுடல்களை வைத்தார். நைதரசன் நாள்தோறும் ஆவியாகிப் போவது, வாரந்தோறும் ஊற்றவேண்டியது. உறவினர் சிலர் பணம் அனுப்புவதை நிறுத்தினர். நெல்சன் அதை வெளியிற் சொல்லவில்லை. ஊற்றுவது நின்றது. 1979இல் உண்மை வெளிப்பட்டபோது ஒன்பது உடல்கள் அழிந்து கிடந்தன. 1981இல் நீதிமன்றம் உறவினருக்குப் பெருந்தொகை நட்டஈடு விதித்தது. 1970களின் தொடக்கம்வரை உறையவைக்கப்பட்டோருள் இன்றுவரை உறைந்திருப்பவர் பெட்போர்ட் ஒருவரே. அதுவும் அவருடைய குடும்பத்தார் உடலை எச்சங்கத்தையும் நம்பி விட்டுவிடாமல் தாமே இடம் மாற்றி மாற்றிக் காத்ததனால்.

இந்தச் சம்பவத்தை நெல்சன் என்ற தனிமனிதரின் குற்றமாக மட்டும் பார்ப்பது மேலோட்டமான பார்வை. மற்றச் சங்கத்தார் அனைவரும் அப்படித்தான் பார்த்தனர். அதிலே அவர்களுக்கு இலாபமும் இருந்தது. நெல்சனோடு முரண்பட்டுப் பிரிந்த சேம்பர்லின் தம்பதியர் 1972இல் ஆல்கோர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். எற்றிங்கர் 1976இல் மிச்சிகனில் கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட்டை நிறுவினார். அடுத்த ஆண்டில் தம் தாயையே அதன் முதல் உடலாக வைத்தார். இரண்டும் சாட்ஸ்வேர்த்தைச் சுட்டிக்காட்டி, நாங்கள் அவரைப் போன்றவர்களல்லர் என்று சொல்லியே வளர்ந்தன. உறவினரின் மாதாந்தப் பணத்தை நம்பாமல் முழுத்தொகையையும் முன்கூட்டியே பெறுவது என்ற விதியும் அந்தப் பாடத்திலிருந்தே பிறந்தது.

இவ்விரண்டுக்குமிடையே நீடிக்கும் வேற்றுமை ஆராயத்தக்கது. 1994இல் கலிபோர்னியாவிலிருந்து அரிசோனாவுக்கு இடம்பெயர்ந்த ஆல்கோர், தலையை மட்டும் காப்பதையும் ஒரு முறையாகக் கொண்டது. நினைவு மூளையில் இருப்பதால் மூளை போதும், உடலை எதிர்காலம் செய்து தரும் என்பது அதன் வாதம். மிச்சிகன் நிறுவனத்தார் அதை விரும்பவில்லை. வெட்டிய தலைகள் உலகத்தாரின் வெறுப்பைத் தேடித்தரும் என்பது அவர்களது கவலை. 1987இல் ஆல்கோரில் நிகழ்ந்த சம்பவம் அக்கவலையை மெய்ப்பித்தது. டோரா கென்ட் என்ற முதியவளின் தலை உறைய வைக்கப்பட்டபோது அவள் உண்மையில் இறந்திருந்தாளா என்ற ஐயம் எழுந்தது. மரண விசாரணை அதிகாரிகள் நிலையத்தைச் சோதனையிட்டனர். தலை அவர்கள் கையில் அகப்படவேயில்லை.

கட்டணத்திலும் வேற்றுமை. மிச்சிகனில் 28,000 டொலர். அரிசோனாவில் முழு உடலுக்கு இரண்டு இலட்சம் டொலருக்கு மேல், தலைக்கு மட்டும் எண்பதாயிரம். ஒரு சாரார் மற்றவரை மலிவான கைவேலைக்காரர் என்கின்றனர். மற்றவர் இவரை ஆடம்பரக்காரர் என்கின்றனர். வகுப்பறையில் நாம் கணக்குப் போடுவதுபோல் இங்கும் ஒன்று போட்டுப் பார்ப்போம். டொலரை 300 ரூபாவாகக் கொண்டால் மலிவான விலை 84 இலட்சம் ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. மாதம் 25 பேர் தவறாமற் கிடைத்து, ஒரு சதமும் உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தால், இருபது ஆண்டும் ஒன்பது மாதமும் ஆகும். அரிசோனாவின் விலைக்கோ, ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்தாலும், 148 ஆண்டுகள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட நாளிலிருந்து ஒருவர் பேர் போட்டிருந்தால் 2015இல் உறைவதற்குத் தகுதி பெற்றிருப்பார். அமெரிக்கர் பலர் ஆயுட் காப்புறுதி மூலமே இத்தொகையைச் செலுத்துகின்றனர் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லவேண்டும். ஆசிரியரும் இயந்திர வல்லுநரும் அவர்களுள் உளர், எல்லோரும் கோடீசுவரரல்லர்.

ஆனால் இவ்வேற்றுமைகளெல்லாம் பூசலின் காரணங்களா, அல்லது அதன் ஆடைகளா? தோட்டத்துச் சங்கங்களின் போட்டியை நாம் எவ்வளவோ கண்டித்திருக்கிறோம், இனியும் கண்டிப்போம். எனினும் அங்கே ஓர் உரைகல் உண்டு. சங்கம் வாக்களித்த சம்பள உயர்வு வந்ததா இல்லையா என்பது அடுத்த சம்பள நாளில் தெரிந்துவிடும். வராவிட்டால் தொழிலாளி சந்தாவை நிறுத்தலாம், கொடியை மாற்றலாம், தலைவரை முகத்துக்கெதிரே கேட்கலாம். மரண உதவிச் சங்கம் பெட்டி கொடுத்ததா என்பது அன்று மாலையே ஊருக்குத் தெரியும். உடலுறைப்புச் சங்கம் விற்கும் பண்டத்துக்கோ சம்பள நாளே இல்லை. வாங்கியவர் திரும்பி வந்து குறைசொல்ல முடியாது. வாக்கு நிறைவேறவில்லை என்று எந்நாளும் நிரூபிக்கவும் முடியாது. இன்னும் காலம் வரவில்லை என்று எப்போதும் சொல்லிவிடலாம். எனவே ஒரு சங்கம் தன் வேலையின் தரத்தைக் காட்டி மற்றதை வெல்ல வழியில்லை. மற்றது நிலைக்காது, நான் நிலைப்பேன் என்று நம்பவைப்பதே வெற்றிக்கு ஒரே வழி. பிற வியாபாரங்களில் அவதூறு ஒரு துணைக்கருவி. இங்கே அதுவே முதற்கருவியாகிவிட்டது. இவர்கள் பூசலிடுவது குணக்கேட்டினால் மட்டுமன்று. தொழிலின் அமைப்பே அவர்களைப் பூசலுக்குத் தள்ளுகிறது.

1993இல் ஆல்கோரின் நிர்வாகத்தோடு முரண்பட்ட ஒரு குழு பிரிந்து கிரையோகெயார் என்ற அமைப்பைத் தொடங்கியது. திறமை மிக்க விஞ்ஞான ஆர்வலர் அதில் இருந்தனர். சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது; அதனிடமிருந்த உடல்கள் வேறு நிலையங்களுக்குப் போயின. 2002இல் புகழ்பெற்ற தளப்பந்து வீரர் டெட் வில்லியம்ஸ் இறந்தபோது அவருடைய பிள்ளைகளிடையே வழக்கு மூண்டது; ஒருத்தி எரிக்கவேண்டும் என்றாள், மற்ற இருவர் உறையவைக்கவேண்டும் என்றனர். அந்நிலையத்தில் வேலை செய்த ஒருவரே பின்னர் வெளியேறி, அவ்வீரரின் தலை அவமதிக்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டி 2009இல் நூல் வெளியிட்டார். நிறுவனம் மறுத்து வழக்குத் தொடுத்தது. உச்சக் கட்டம் ருஷ்யாவில் நிகழ்ந்தது. 2005இல் தோன்றிய கிரியோரஸ் நிறுவனத்தின் நிறுவுநருள் ஒரு கணவனும் மனைவியும் இருந்தனர். மணமுறிவுக்குப் பின் நிறுவனம் யாருக்குரியது என்ற சண்டை எழுந்தது. 2021 செப்டெம்பரில், மொஸ்கோவை அடுத்த நிலையத்துக்கு முன்னாள் மனைவியின் தரப்பார் பாரந்தூக்கியும் லொறியுமாக வந்து, உடல்கள் அடங்கிய கலன்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டனர். பொலிசார் வழிமறித்தனர். பாகப்பிரிவினையில் மாடு ஓட்டிச் செல்வதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்; பிணம் ஓட்டிச் சென்ற கதையைக் கேட்பது இதுவே முதல்முறை.

தமிழிலக்கிய வரலாறு அறிந்த வாசகரின் மனத்தில் இதற்குள் வடலூர் தோன்றியிருக்கும். மரணமிலாப் பெருவாழ்வைப் பேசிய இராமலிங்க வள்ளலார், சன்மார்க்க அன்பர் இறந்தால் எரிக்கலாகாது, புதைக்கவேண்டும் என்று 1871இல் அறிவித்தார். இறந்தோர் மீண்டும் எழுவர் என்பதே அவர் கூறிய காரணம். அவரைச் சுற்றியும் பூசல் இருந்தது. அவருடைய பாடல்களை அருட்பா என்று வழங்கலாமா என்று நம் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1869இல் கண்டன நூல் எழுதினார். அதே ஆண்டில் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவரும் மறைந்த பின்னும் அருட்பா மருட்பாப் போர் ஓயவில்லை. வள்ளலார் 1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவைத் தாழிட்டபின், சத்திய ஞான சபையில் எவ்வாறு வழிபடுவது என்பதிலும் பூசல் எழுந்தது. அவர் விலக்கிய சடங்குகள் அங்கே நுழைந்துவிட்டன என்று சன்மார்க்கத்தார் முறையிட்டனர். 2006இல் அறநிலையத் துறை அவர்கள் பக்கம் ஆணையிட்டது. 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இவ்வளவும் ஒப்புமை. வேற்றுமை எங்கே? சாகாமையைப் பேசத் தொடங்குமுன் வள்ளலார் செய்தது பசித்தவனுக்குச் சோறிட்டது. 1867இல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அந்த அடுப்புக்கும் நாள்தோறும் விறகு வேண்டும். நைதரசன் கலனைப் போலவே அதுவும் ஓயாமற் கவனிக்கப்படவேண்டியது. ஆனால் அதன் பயனை அன்றைக்கே நூற்றுக்கணக்கானோர் உண்டு பார்க்கின்றனர், உப்பில்லையென்றால் சொல்லிவிடுவர். சமயநம்பிக்கையை நாம் ஏற்கிறோமா மறுக்கிறோமா என்பது வேறு விஷயம். பூசலுக்கிடையிலும் வடலூர் நிலைத்ததற்கு அந்த அடுப்பு ஒரு காரணம் என்பதைப் பொருள்முதல்வாதி தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம்.

இறந்த உடல்மீது மனிதர் கொள்ளும் பற்றை நாம் ஏளனம் செய்வதாக எவரும் எண்ணவேண்டாம். 2016 மே 17ஆம் நாள் நம் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்தது. மண்ணுள் போனவருள் பலரின் உடல் கிடைக்கவேயில்லை. அன்றே புளத்கொஹுபிட்டியவின் களுபான தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணிற் புதைந்தன. கிடைத்த உடலுக்கு அழுதவர்களைப் பார்த்து, கிடைக்காதவர்கள் பொறாமைப்பட்ட நாட்கள் அவை. அதே ஆண்டு இங்கிலாந்தில், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தன்னை உறையவைக்கவேண்டும் என்று நீதிமன்றத்தை வேண்டினாள். தாய் இசைந்தாள், தந்தை தயங்கினார். முடிவெடுக்கும் உரிமையை நீதிபதி தாயிடம் விட்டார். உடல் மிச்சிகன் போய்ச் சேர்ந்தது. அந்தக் குழந்தையின் ஆசையை முதலாளித்துவத்தின் பேராசை என்று வருணிப்பவன் விமர்சகன் அல்லன், மூடன். வாழவேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதை விலைபேசும் ஏற்பாட்டைப் பற்றியே நம் வழக்கு.

விஞ்ஞானமும் நின்றுவிடவில்லை. 2023இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் எலியின் சிறுநீரகத்தைக் கண்ணாடிபோல் இறுக்கி, நூறு நாள்வரை வைத்திருந்து, மீண்டும் வெப்பமூட்டி எலிக்கே பொருத்தி இயங்கச் செய்தனர். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருந்து மடியும் நோயாளருக்கு இதனாற் பிறக்கும் நம்பிக்கை சிறிதன்று. சிறுநீரக நோய் பரவியுள்ள நம் நாட்டார் இச்செய்தியைக் கூர்ந்து கவனிக்கவேண்டும். குளிருயிரியல் விஞ்ஞானிகளின் சங்கமோ, இறந்தோரை உறையவைப்பவர்களுக்கு உறுப்புரிமை இல்லை என்று 1982இலேயே விதி செய்தது. அவ்விதியின் கடுமை பின்னாளில் தளர்ந்தது. நம் பத்திரிகைகள் எலியின் சிறுநீரகத்தையும் அரிசோனாவின் கலனையும் ஒரே தலைப்பின் கீழ்க் கலந்து எழுதுவது விஞ்ஞானத்துக்குச் செய்யும் சேவையன்று.

இனி ஆட்சிமுறை பற்றி ஒரு சொல். ஆல்கோரின் இயக்குநர் சபை தன்னைத் தானே தெரிவுசெய்துகொள்கிறது. இருக்கும் இயக்குநரே வரும் இயக்குநரை நியமிப்பர், உறுப்பினருக்கு வாக்கில்லை. உறுப்பினர் வாக்களித்தால் உணர்ச்சிவசப்பட்டு உறைந்தோரின் நிதியைக் கரைத்துவிடுவர் என்பது அவர்கள் தரும் நியாயம். மிச்சிகனில் உறுப்பினரே இயக்குநரைத் தெரிவுசெய்கின்றனர். இவ்விரண்டில் எது சிறந்தது என்று நம்மைக் கேட்டால் இரண்டாவதையே சொல்வோம். ஆயினும் இரண்டு இடத்திலும் சேர்த்து நானூறுக்கு மேற்பட்டோர் உறைந்து கிடக்கின்றனர். அவர்கள் பெயராலேயே எல்லா வாதமும் நடக்கிறது. அவர்கள் வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு தரப்பும் தானே அவர்களது குரல் என்கிறது.

பேசமுடியாதவர் சார்பில் பிறர் பேசுவது எப்படியிருக்கும் என்பதை அறிய நாம் அரிசோனா செல்லவேண்டியதில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் நம் தோட்டத்து மக்களுக்கு வாக்கில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று தொகை பிரித்தனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றனர். ஒப்பந்தத்துக்கு முன் ஒருவரையேனும் கேட்டதில்லை. நாடற்றோர் என்று எஞ்சியிருந்தவரின் கணக்கு முடிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்கள் உறைந்தவர்களல்லர், அந்நாட்களெல்லாம் காலை ஆறு மணிக்குப் பிரட்டுக் களத்தில் நின்றவர்கள். வாயிருந்தும் கேட்கப்படாதவருக்கே இந்த நிலையென்றால், வாயில்லாதவரின் உரிமை எவ்வளவு நாள் நிலைக்கும் என்பதை உடலுறைப்பு அன்பர் நிதானமாக எண்ணிப் பார்க்கலாம்.

சட்டத்தின் முன் அந்த உடல்கள் என்னவாக இருக்கின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. அரிசோனாவில் அவை ஆராய்ச்சிக்காக நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட தானம். தானம் கொடுத்தவன் பொருளைத் திருப்பிக் கேட்பதில்லை. மிச்சிகனில் 2003இல் அரசு தலையிட்டது. 2004இல் அந்நிலையத்தை மயானம் என்று பதிவுசெய்தது. இச்சங்கங்கள் தங்களிடமுள்ளோரை நோயாளிகள் என்றே அழைக்கின்றன. நம் வார இதழ்களும் அச்சொல்லை அப்படியே மொழிபெயர்த்து அச்சிடுகின்றன. எங்கள் மாவட்டத்தில் நோயாளி என்பவர் தோட்டத்து மருந்தகத்தின் வாசலில் லொறிக்குக் காத்திருப்பவர். தமிழில் இதுபற்றி எழுதுவோர் மிச்சிகன் அரசாங்கத்தின் சொல்லையே எடுத்துக்கொள்வது நல்லது.